முதல் கிரெடிட் கார்டு: வாங்குவது, கட்டுவது, மாற்றுவது, மூடுவது

கிரெடிட் கார்டில் பில் தேதி, கெடு தேதி என்ற இரண்டு தேதிகளைப் புரிந்துகொண்டவர் வட்டியே இல்லாமல் ஒன்றரை மாதம்வரை வங்கிப் பணத்தில் செலவு செய்கிறார். புரிந்துகொள்ளாதவர் அதே கார்டுக்கு ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார். ரிவார்டு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச், கேஷ்பேக் எல்லாம் இதற்கு அடுத்துதான். இந்தியாவில் முதல் முறையாக கார்டு வாங்கப்போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு பில்லைப் பார்த்து விழிப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் கடன் அறிக்கையை, அதாவது வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, எடுத்துப் பாருங்கள். இதைத் தர சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் உங்கள் கடன் ஒழுங்குக்கு ஒரு மதிப்பெண் இருக்கும், 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அது தப்பில்லை, ஆனால் வங்கிக்கு உங்களை எடைபோட ஒன்றும் கையில் இல்லை என்று அர்த்தம். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. விண்ணப்பம் வந்தபிறகு வங்கி பார்ப்பதுதான் பதிவாகும். ஆத்திரத்தில் ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளுக்கு விண்ணப்பித்தால் ஐந்து பதிவுகள் விழும். ஆறாவது வங்கி அதைப் பார்த்தே ஒதுக்கிவிடும்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் இன்ஷியல் வைத்துப் பெயர் எழுதும் நமக்கு இது தனித் தலைவலி. ஆதாரில் 'குமார் எஸ்' என்று இருக்கும். பான் கார்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் 'எஸ். குமார்' என்று முன்னால் வந்திருக்கும். ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது கணினி. அதற்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். விண்ணப்பத்தில் பான் கார்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஆதாரும் பானும் பெரிதாக வேறுபட்டால் முதலில் ஒன்றைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது நேரத்தை மிச்சமாக்கும்.

மூன்றாவது முகவரி. ஆதாரில் ஊர் முகவரியும் வாழ்வது சென்னையிலோ கோவையிலோ வாடகை அறையிலுமாக இருந்தால், கார்டு எங்கே வர வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் கொடுங்கள். தற்போதைய முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் போன்ற ஏதாவது ஒரு சான்று கேட்பார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் அலுவலக முகவரி கொடுப்பதே நல்லது. கூரியர்காரர் பெரும்பாலும் கார்டுதாரர் கையில்தான் கொடுப்பார், அடையாள அட்டை கேட்பார். இரண்டு மூன்று தடவை ஆள் இல்லாமல் போனால் கார்டு வங்கிக்கே திரும்பிவிடும்.

எந்த வங்கியில் கேட்பது

சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறதோ அந்த வங்கியில் முதலில் கேளுங்கள். உங்கள் வரவு செலவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பல சமயம் வங்கியின் ஆப்பில் 'முன்கூட்டியே ஒப்புதல்' என்று ஒரு கார்டு காத்திருக்கும். சம்பளக்காரரிடம் பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கு, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கானது.

வருமானச் சான்று இல்லாதவர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், கடன் வரலாறு இல்லாதவர்கள், ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் நிரந்தர வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டுதான் நேரான வழி. 20,000 ரூபாய் போட்டால் வங்கியைப் பொறுத்து அதில் 75 சதவீதம் முதல் முழுத்தொகை வரை லிமிட், அதாவது கார்டில் செலவு செய்யக்கூடிய உச்சத் தொகை, கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல வரும், ஆனால் கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. பில் கட்டாமல் விட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதைத் தாழ்ந்த கார்டாக நினைக்க வேண்டாம். கடன் அறிக்கையில் இதுவும் ஒழுங்காகப் பதிவாகும். ஓராண்டு சரியாகக் கட்டினால் சாதாரண கார்டு தானாகத் தேடி வரும்.

மால் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் நிற்கும் ஏஜென்ட்டிடம் 'லைஃப் டைம் ஃப்ரீ' என்று கேட்டால் அதை விண்ணப்பத்தில் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆண்டு மட்டும் இலவசம், அடுத்த ஆண்டு இவ்வளவு செலவு செய்தால்தான் இலவசம் என்று இரண்டு மூன்று வகை உண்டு. வாய்ப்பேச்சில் எல்லாமே ஃப்ரீதான். விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் முதலியவற்றை ஒரு பக்கத்தில் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை வங்கி தந்தாக வேண்டும். அதில் ஆண்டுக் கட்டணம், மாத வட்டி, பணம் எடுக்கும் கட்டணம் ஆகிய மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காப்பீடு, 'கார்டு பாதுகாப்புத் திட்டம்' போன்ற பெட்டிகளில் ஏற்கெனவே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு வீடியோ கேஒய்சி, அதாவது வீடியோ அழைப்பில் நீங்கள்தான் என்று வங்கி உறுதிசெய்வது. அசல் பான் கார்டு கையில் வேண்டும், ஜெராக்ஸோ போனில் உள்ள படமோ செல்லாது. நீங்கள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், இருப்பிடம் ஆன் செய்திருக்க வேண்டும். வெளிச்சம் குறைவு, பின்னால் ஆள் நின்று பதில் சொல்லித்தருவது, நெட் அறுந்துபோவது, இந்த மூன்றினால்தான் பெரும்பாலும் மறுபடி கூப்பிடுவார்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் உடனே அடுத்த வங்கிக்கு ஓடுவதில் பயனில்லை. மூன்று முதல் ஆறு மாதம் விட்டுக் கேளுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும்

உறை பிரிக்கப்பட்டதுபோல இருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதும் வங்கியின் ஆப்பில் நீங்களே பின் எண்ணை அமையுங்கள். 'கார்டை ஆக்டிவேட் செய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்' என்று வரும் போன் அத்தனையும் மோசடி, விதிவிலக்கே கிடையாது. கேட்காமலேயே உங்கள் பெயருக்கு ஒரு கார்டு வந்தால், ஓடிபி மூலம் நீங்கள் சம்மதிக்காமல் வங்கி அதைச் செயல்படுத்த முடியாது. 30 நாளுக்கு மேல் செயல்படுத்தாமல் கிடந்தால் சம்மதம் கேட்க வேண்டும், தராவிட்டால் செலவில்லாமல் மூட வேண்டும்.

புதுக் கார்டில் கடையில் தேய்ப்பதும் உள்நாட்டு ஏடிஎம்மும் மட்டும்தான் திறந்திருக்கும். ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது மூன்றையும் ஆப்பில் நீங்கள்தான் திறக்க வேண்டும். முதல் நாள் ஆன்லைனில் கார்டு வேலை செய்யவில்லை என்று கஸ்டமர் கேருக்கு வரும் அழைப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆன்லைனைத் திறந்து உங்களுக்குத் தேவையான அளவுக்கு உச்சவரம்பு போடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் பயணத்தின்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள். தட்டிச் செலுத்துவதில் 5,000 ரூபாய்வரை பின் எண் கேட்காது என்பதை மனதில் வைத்து அதற்கும் ஒரு வரம்பு போடலாம்.

விசா, மாஸ்டர்கார்டு போன்ற இந்திய வகையான ரூபே கார்டாக இருந்தால் யுபிஐ ஆப்பில் இணைத்து க்யூஆர் ஸ்கேன் செய்தும் கட்டலாம். ஆனால் வணிகர் க்யூஆருக்குத்தான் போகும். சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருக்கும் கடையிலும், நண்பரின் எண்ணுக்கு அனுப்பும்போதும் தோல்வி என்றுதான் வரும். ஆப்பில் கோளாறு ஒன்றுமில்லை.

அந்த இரண்டு தேதிகள்

பில் தேதி, கெடு தேதி. பில் தேதி ஒவ்வொரு மாதமும் 15 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16 முதல் ஜூலை 15 வரை வாங்கியதெல்லாம் ஜூலை 15 பில்லில் வரும். அதைக் கட்டக் கெடு சுமார் 20 நாள் கழித்து, ஆகஸ்ட் 4. ஜூன் 16 அன்று வாங்கிய பொருளுக்கு 49 நாள் வட்டியில்லாக் காலம். ஜூலை 14 அன்று வாங்கியதற்கு 21 நாள்தான். பெரிய செலவு ஏதாவது இருந்தால் பில் தேதிக்கு மறுநாள் வாங்குவதன் சூட்சுமம் இதுதான். சம்பளம் மாதக் கடைசியில் வந்து கெடு 25-ஆம் தேதி விழுகிறதா? பில் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. சம்பளத்துக்கு நாலைந்து நாள் பிந்திய கெடுவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, 'குறைந்தபட்சத் தொகை'. பில்லில் இதைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொதுவாக மொத்தத்தில் 5 சதவீதம். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, சிபிலில் கெட்ட பெயர் வராது. அவ்வளவுதான். வட்டி நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 20 அன்று 40,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ். ஆகஸ்ட் 4 அன்று குறைந்தபட்சம் 2,000 மட்டும் கட்டுகிறீர்கள். மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீத வட்டி. மீதி 38,000-க்கு வட்டி கெடு தேதியிலிருந்து ஓடாது, வாங்கிய ஜூன் 20-இலிருந்தே ஓடும். ஆகஸ்ட் 15 பில் வரை 56 நாளுக்கு ஏறக்குறைய 2,449 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 441. ஆக 2,890. நீங்கள் கட்டியது 2,000, கூடியது 2,890. ஆகஸ்ட் பில் 40,890 என்று வரும். இரண்டாயிரம் கட்டியும் கடன் ஏறியிருக்கிறது.

இதைவிடப் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தைய பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டால், புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. காய்கறி வாங்கினாலும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி முழுவதும் தீரும்வரை அந்தக் கார்டைத் தொடாமல் வைப்பதே புத்திசாலித்தனம். உடனே தீர்க்க முடியாது என்றால் வங்கியிடம் கேட்டு அந்தத் தொகையை இஎம்ஐ ஆக மாற்றுங்கள், அல்லது வட்டி குறைந்த தனிநபர் கடனோ நகைக் கடனோ வாங்கிக் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்துக் கார்டுக்கு 42 சதவீதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கௌரவம் ரொம்ப விலை.

கட்டும் வழி: வங்கிக் கணக்கிலிருந்து 'முழுத்தொகை' என்று தேர்ந்து ஆட்டோ டெபிட் போட்டுவிடுவது சிறந்தது. படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று இருந்தால் மாற்றுங்கள். இந்த ஒரு டிக்கினால் மாதக்கணக்கில் வட்டி கட்டியவர்கள் உண்டு. நீங்களே கட்டுவதானால் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். நெஃப்ட்டில் கார்டு எண்ணைப் பெறுநர் கணக்காகப் போட்டுக் கட்டும்போது 16 இலக்கத்தையும் இரண்டுமுறை பாருங்கள். கெடு தவறிவிட்டால் பதற வேண்டாம். கெடு தேதி கழிந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடவும் சிபிலுக்குத் தெரிவிக்கவும் முடியும். தாமதக் கட்டணம் பல வங்கிகளில் பில்லுக்கு ஏற்ப நூறு ரூபாயிலிருந்து 1,300 வரை, ஜிஎஸ்டி தனி.

லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் செலவை வைத்திருந்தால் மதிப்பெண்ணுக்கு நல்லது என்பது பொதுவான கணக்கு. அதற்காகத் தேவையான செலவைத் தள்ளிப்போட வேண்டாம். பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் அறிக்கையில் குறைவாகத்தான் போகும்.

பணம் ஒழுகும் இடங்கள்

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகுவது. பொதுவாக 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது கட்டணம். அதோடு எடுத்த நொடியிலிருந்தே வட்டி. ஆயிரம் ரூபாய் எடுத்தால் ஐந்நூறு கட்டணம். உயிர்போகிற அவசரம் தவிர வேண்டாம்.

'கார்டு தேய்த்துப் பணம் தரப்படும்' என்று இரண்டு மூன்று சதவீதம் கமிஷனுக்குத் தரும் கடைகள். பொருள் வாங்காமல் வாங்கியதுபோல பில் போடுவது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். இப்படி எடுத்த பணத்தை அடுத்த மாதம் இன்னொரு கார்டைத் தேய்த்து அடைக்கத் தொடங்கினால் கமிஷன் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகத் தருகிறார், ஆனால் வங்கி அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடும், செயல்முறைக் கட்டணமும் வரும். அந்தப் பொருள் மொத்தமாகக் கட்டினால் இன்னும் குறைவாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கூடுதல், அதன்மேல் ஜிஎஸ்டி. சிங்கப்பூரிலோ துபாயிலோ கடைக்காரர் 'ரூபாயில் போடவா' என்று கேட்டால் வேண்டாம், அந்த ஊர் நாணயத்திலேயே போடச் சொல்லுங்கள். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தில் இன்னொரு கை வைப்பார்கள்.

கார்டு தொலைந்தால்

வரிசை முக்கியம்.

1. ஆப்பில் உடனே லாக் செய்யுங்கள். சட்டைப்பையிலோ வண்டியிலோ இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தற்காலிக லாக் போதும், கிடைத்தால் திறக்கலாம்.
2. தொலைந்தது உறுதி என்றால் நிரந்தரமாக பிளாக் செய்யுங்கள். இதைத் திரும்பத் திறக்க முடியாது. ஆப், கஸ்டமர் கேர், எஸ்எம்எஸ் எதில் செய்தாலும் புகார் எண்ணும் நேரமும் உள்ள குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள். பிறகு சண்டை வந்தால் அதுதான் ஆதாரம்.
3. நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஏதாவது நடந்திருந்தால் அதைத் தனியாக வங்கியிடம் புகார் செய்யுங்கள். பிளாக் செய்தது மட்டும் புகார் ஆகாது.
4. மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

போன் தொலைந்தால் கார்டும் தொலைந்ததாகவே நினைத்துச் செயல்படுங்கள். ஓடிபி வருவது அந்த சிம்முக்குத்தான்.

யார் நஷ்டத்தைத் தாங்குவது என்பதற்கு 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த கணக்கு இருக்கிறது. தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட லிமிட்டுக்கு 25,000. ஏழு நாளுக்கு மேல் வங்கியின் கொள்கைப்படி. சொன்ன பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் தற்காலிகமாகத் திருப்பிப் போட வேண்டும், 90 நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். ஓடிபியை நீங்களே வாயால் சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம்வரை போனது உங்கள் தலையில்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) நிறுவுவதும், 'லிமிட் கூட்டித் தருகிறோம்' என்பவருக்குத் திரையைக் காட்டுவதும் ஏறக்குறைய இதே கணக்கில் சேரும். குறுஞ்செய்திகளைத் தினமும் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும்.

மாற்றுக் கார்டு

தொலைந்த கார்டுக்குப் பதில் வருவது புதிய எண்ணோடு வரும். தேய்ந்து, சிப் வேலை செய்யாமல் மாற்றும்போது பெரும்பாலும் பழைய எண்ணே தொடரும், காலாவதித் தேதியும் சிவிவியும் மாறலாம். மாற்றுக் கட்டணம் பொதுவாக 100 முதல் 250 ரூபாய், ஜிஎஸ்டி தனி. காலாவதியானதற்கு வங்கியே புதியதை அனுப்பிவிடும். அது பதிவில் உள்ள பழைய முகவரிக்குப் போகும் என்பதால், வீடு மாறியவர்கள் காலாவதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள்.

கார்டு தொலைந்ததால் பில் நிற்காது. இஎம்ஐ, பாக்கி, பாயின்ட் எல்லாம் புதிய கார்டுக்கு மாறிவிடும். பழைய கார்டுக்கு வர வேண்டிய ரீஃபண்டும் பொதுவாக வந்து சேர்ந்துவிடும். தவறுவது வேறு இடத்தில்: கரண்ட் பில், போன் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஓடிடி சந்தா என்று பழைய எண்ணில் போட்ட ஆட்டோ பேமென்ட். 2022 அக்டோபரிலிருந்து கடைகளும் இணையதளங்களும் உங்கள் கார்டு எண்ணைச் சேமிப்பதில்லை, அதற்குப் பதிலான ஒரு குறியீட்டை, அதாவது டோக்கனைத்தான் வைத்திருக்கின்றன. எண் மாறினால் பெரும்பாலும் ஒவ்வொரு தளத்திலும் புதிய கார்டை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். கடைசி இரண்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். ஓடிடி நின்றால் படம் தெரியாது, அவ்வளவுதான்; இன்ஷூரன்ஸ் பிரீமியம் நின்றால் பாலிசியே போய்விடும். அதை முதலில் பாருங்கள்.

பழைய கார்டை சிப்பின் குறுக்கே வெட்டிப் போடுங்கள். நடுவில் இரண்டாக வெட்டினால் சிப் முழுதாகவே கிடக்கும்.

பில்லில் தவறு இருந்தால்

முதலில் வங்கியின் கஸ்டமர் கேர், பிறகு குறைதீர் அதிகாரி, எல்லாம் மின்னஞ்சலில். நீங்கள் கேட்ட விளக்கத்தையும் தேவையான ஆவணத்தையும் 30 நாளுக்குள் தர வேண்டும். மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு, விசாரணை முடியும்வரை வட்டியோ கட்டணமோ போடக் கூடாது. மறுக்காத மீதித் தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் சிபிலில் அடி விழும். 30 நாளில் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரத்துக்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மூடுவது

கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. ஆண்டுக் கட்டணம் விழும், அதற்கு வட்டி ஏறும். முதலில் பாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பேமென்ட்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பில்லில் இன்னும் வராத செலவையும் சேர்த்துப் பைசா பாக்கியில்லாமல் கட்டுங்கள். பிறகு ஆப்பிலோ மின்னஞ்சலிலோ மூடச் சொல்லுங்கள். கஸ்டமர் கேரில் 'ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். உங்களுக்கு அது உபயோகம் என்றால் சரி என்று சொல்வதில் தப்பில்லை, எழுத்தில் வாங்குங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். உங்களிடம் இருப்பதில் மிகப் பழைய கார்டு, கட்டணமும் இல்லை என்றால் மூடாமல் வைத்திருப்பது மதிப்பெண்ணுக்கு நல்லது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பயன்படுத்துங்கள், ஏனெனில் ஓராண்டுக்கு மேல் சும்மா கிடக்கும் கார்டை அறிவிப்பு கொடுத்து வங்கியே மூடலாம்.

பாக்கியில் பாதியைக் கட்டினால் போதும், மீதி தள்ளுபடி என்று வசூல் ஏஜென்ட் பேரம் பேசினால் அது 'செட்டில்டு' என்று அறிக்கையில் விழும். அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். முடிந்தவரை முழுதாகக் கட்டி 'க்ளோஸ்டு' வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழை மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கணக்கு இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் அந்தச் சான்றிதழைச் சேர்த்து அறிக்கை தரும் நிறுவனத்தின் தளத்தில் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.